அடிவாரத்துக்குக் கார்த்திகை, மலைக்குத் தை: சேலத்தில் குளிர்காலத்தில் வீடு கட்ட நினைப்பவர்களுக்கு

போன வாரம் தங்கை போன் செய்தாள். "அண்ணா, மழை விட்டதும் கார்த்திகையிலயே பூமி பூஜை போட்டுடலாம்னு அவங்க சொல்றாங்க. நீ என்ன சொல்றே?" அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில் 12 சென்ட் இடம் இருக்கிறது. பாதி காப்பிச் செடி, பாதி சரிவு. நான் இருப்பது கீழே கன்னங்குறிச்சியில். சொந்தமாக ஆள் வைத்து, நானே நின்று கட்டிய வீடு. அந்த அனுபவத்தை வைத்துத்தான் என்னிடம் கேட்கிறாள்.

கீழே கட்டப் போகிற யாராவது இதையே கேட்டிருந்தால், கார்த்திகைதான் சரி என்று அப்போதே சொல்லியிருப்பேன். அவளிடம் வேண்டாம் என்றேன். ஏன் என்று விளக்க ஒரு மணி நேரம் ஆனது. இங்கே சேலத்தில் இதே கேள்வியோடு நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால் அதை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் நம் கையில் உள்ள நாட்கள் எவை என்று பார்த்துவிடலாம். நம் பக்கத்தில் பூமி பூஜைக்கு வாஸ்து நாள் பார்க்கிறோம். வருஷத்துக்கு எட்டு நாள்தான். அதில் குளிரை ஒட்டி வருபவை ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. ஆங்கிலத் தேதியில் ஏறக்குறைய அக்டோபர் 28, நவம்பர் 24, ஜனவரி 26, மார்ச் 6. மார்கழியில் வாஸ்து நாளே கிடையாது. இதில் நம்பிக்கை இல்லாதவர்களும் இந்தக் கணக்குக்குள் வந்துதான் ஆக வேண்டியிருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் ஒருபக்கம், மேஸ்திரியும் கம்பி கட்டுகிறவரும் தங்கள் வேலைகளை இந்த நாட்களைச் சுற்றியே அடுக்கி வைத்திருப்பது இன்னொரு பக்கம். ஆகவே கேள்வி இதுதான்: ஐப்பசியா, கார்த்திகையா, தையா?

இதற்குப் பதில் தேடும்போது பூஜை போடும் நாளின் வானத்தை மட்டும் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நானும் செய்தேன். வீடு என்பது ஒரே வேலை இல்லை. வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டும் வேலைக்கு மழை ஆகாது. ரூஃப் கான்கிரீட்டுக்கு வெயில் ஆகாது, குளிர்ச்சியும் நிறையத் தண்ணீரும் வேண்டும். பூச்சு வேலை நடுவாந்தரமான பருவத்தைக் கேட்கும். பெயின்டுக்குச் சுவர் காய்ந்திருக்க வேண்டும். ஒரு நாளைப் பிடித்து ஆரம்பித்தால் மற்ற எல்லாமே அதன் பின்னால் மாதம் மாதமாக நகர்ந்து போய் எங்கோ உட்காரும். எது எங்கே போய் உட்காருகிறது என்பதைப் பார்த்துத்தான் ஆரம்ப நாளைப் பிடிக்க வேண்டும். குறிப்பாக இரண்டு: அஸ்திவாரக் குழி திறந்து கிடக்கும் நாட்களும், ரூஃப் போட்டு அது காயாமல் தண்ணீர் காட்டும் நாட்களும். மற்றவை கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் சமாளித்துக்கொள்ளலாம்.

ஐப்பசி: நான் செய்தது

நான் ஐப்பசி 11-ல் ஆரம்பித்தேன். கணக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆயிரம் சதுர அடி, தரைத்தளம் மட்டும். ஐப்பசியில் தொடங்கினால் பொங்கலுக்குள் ரூஃப் போட்டுவிடலாம். மார்கழி, தையில் சேலத்தில் ராத்திரி 18, 20 டிகிரி, பகலில் 30 பக்கம். கான்கிரீட்டுக்கு நம் ஊரில் இதைவிட நல்ல பருவம் கிடையாது. அதில் இப்போதும் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் சேலத்தில் மழை அதிகம் விழுவது ஆவணிக் கடைசியிலிருந்து ஐப்பசி வரைதான். பகல் முழுக்க வெயில் அடித்துவிட்டு, சாயங்காலம் நாலரை ஐந்துக்குச் சேர்வராயன் மலைப்பக்கம் கருத்து, ஒரு மணி நேரம் கொட்டும். பில்லர் குழி பதினான்கும் தோண்டி முடித்த மூன்றாம் நாள் அப்படிக் கொட்டியது. காலையில் போய்ப் பார்த்தால் குழி ஒவ்வொன்றிலும் இடுப்பளவு தண்ணீர், ஓரத்து மண் சரிந்து உள்ளே கிடக்கிறது. மோட்டார் வைத்து இறைத்தோம். நான்கு நாள் கழித்து மறுபடி கொட்டியது. மறுபடி இறைத்தோம்.

இறைப்பதோடு முடிகிற விஷயமாக இருந்தால் பரவாயில்லை. தண்ணீர் நின்ற குழியின் அடிமண் ஊறிக் குழைந்துவிடும். பார்க்க ஈரமாக மட்டும்தான் தெரியும், கடப்பாரையை விட்டால் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். அந்தக் குழைந்த மண்ணின் மேல் பிசிசி (கம்பியில்லாத அடிக் கான்கிரீட்) போட்டால் வீடு முழுக்க அந்தச் சேற்றின் மேல்தான் நிற்கும். ஆகவே கெட்டி மண் வரும்வரை அடியை வெட்டி எடுக்க வேண்டும். எங்களுக்குச் சில குழிகளில் முக்கால் அடி கூடுதலாகப் போனது. அந்தப் பள்ளத்தை மண் போட்டு மூடக் கூடாது, கான்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டும். மூன்று வாரமும் அதற்கான சிமென்டும் அப்படியே போயின. பக்கத்து மனையில் அதே மாதம் கட்டியவர்கள் அடியை வெட்டாமல் தண்ணீரை மட்டும் இறைத்துவிட்டுப் போட்டுவிட்டார்கள். அந்த வீட்டில் இப்போது ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது. அஸ்திவாரத்தை இனி யார் போய்த் திறந்து சரி செய்வது?

அப்படியென்றால் ஐப்பசியே கூடாதா? மண்ணைப் பொறுத்தது. மேடான இடம், ஓடைக்கல்லும் கெட்டிக் கிராவலும் மூன்று நான்கு அடியிலேயே தட்டுகிற மனை என்றால் ஐப்பசியில் தாராளமாகத் தோண்டலாம், தண்ணீர் நின்றாலும் அடி குழையாது. அப்படிப்பட்ட மனைக்காரருக்குப் பொங்கல் சமயத்தில் ரூஃப் போடும் யோகம் கிடைக்கும். ஏரிக்கரை ஓரம், பழைய வயல், கரிசல் கலந்த மண் என்றால் ஐப்பசியை நினைக்கவே வேண்டாம்.

கார்த்திகை: சமவெளிக்கு என் தேர்வு

இன்னொரு தடவை கீழே கட்டினால் கார்த்திகை 8-ல்தான் ஆரம்பிப்பேன். வாரக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

நவம்பர் கடைசியில் சேலத்தில் சாயங்கால இடிமழை அடங்கியிருக்கும். குழியும், பில்லருக்கு அடியில் போடும் ஃபுட்டிங் கான்கிரீட்டும் இரண்டு, மூன்று வாரம். மார்கழி பிறக்கும்போது பில்லர் தரைக்கு மேலே வந்துவிடும். மார்கழியில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள், நிலை வைக்க மாட்டார்கள், புதுமனை புக மாட்டார்கள். ஆனால் கார்த்திகையிலேயே தொடங்கிவிட்ட வேலை மார்கழியில் நடப்பதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. அந்த மாதத்தில் பேஸ்மட்டம் (வீட்டுத் தரை உயரம் வரை எழும்பும் அடிச்சுவர்) கட்டி, பெல்ட் கான்கிரீட் போட்டுவிடலாம்.

அடுத்து பொங்கல் வருகிறது. போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல், அப்புறம் ஊரில் திருவிழா, விருந்து என்று வேலையாட்கள் திரும்பிவரப் பத்து நாள் ஆகிவிடும். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இது பெரிய வசதியாகத் தெரிகிறது. ஆட்கள் போவதற்கு முன்னால் பேஸ்மட்டத்துக்குள் கிராவல் மண்ணை அடுக்கடுக்காக நிரப்பிவிடுங்கள். ஒவ்வொரு அடுக்கையும் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்கிவிட்டால், அந்தப் பத்து நாளும் மண் தானாக இன்னும் அமுங்கிக் கெட்டிப்படும். நீங்கள் தினம் போய்த் தண்ணீர் விட்டுவந்தால் போதும். அவசரமாக நிரப்பி மறுநாளே தரை போடுகிற வீடுகளில்தான் இரண்டு வருஷத்தில் டைல்ஸ் உள்வாங்குகிறது.

பொங்கல் முடிந்து தையில் சுவர் எழும்பும். நிலை வைக்கத் தையிலேயே நல்ல நாள் கிடைக்கும். மாசி முதல் பாதியில் ரூஃப். அப்போது பகல் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், ஆனாலும் ராத்திரி குளிர்ச்சி இருக்கும், போர்வெல்லில் தண்ணீர் இருக்கும். பங்குனியில் பூச்சு. சித்திரை, வைகாசி வெயிலில் சுவர் நன்றாகக் காய்ந்து, அதன் மேல் பட்டி, பெயின்ட். பூசிய சுவரை 28 நாளாவது விட்டுத்தான் பெயின்டுக்குப் போக வேண்டும் என்பார்கள். இந்தக் கணக்கில் அது தானாகவே அமைந்துவிடும்.

கார்த்திகைக்கும் ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. புயல் மழை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது, உள் மாவட்டங்களுக்குள் நுழைந்து கொட்டித் தீர்த்தது. அன்று கார்த்திகை 15. கார்த்திகை 8-ல் பூஜை போட்டவர்கள் குழியைத் திறந்து வைத்திருந்த நேரம். அதனால் கார்த்திகையில் ஆரம்பிப்பவர்கள் எல்லாக் குழிகளையும் ஒரே மூச்சில் ஜேசிபி விட்டுத் தோண்டிப் போட வேண்டாம். இரண்டு நாளில் கான்கிரீட் போட முடிகிற அளவுக்குத் தோண்டி, போட்டு, மூடி, அடுத்ததைத் தோண்டலாம். வங்கக் கடலில் தாழ்வுநிலை என்று வானிலை மையம் சொன்னால் அந்த வாரம் தோண்டாமல் கம்பி வேலையைப் பார்க்கலாம்.

ஈர மாதங்களில் கவனிக்க வேண்டியவை

ஐப்பசியோ கார்த்திகையோ, மழை ஈரத்தில் வேலை பார்த்தால் மணல் ஏமாற்றும். லேசாக ஈரமான மணல் உப்பிக்கொள்ளும், அதே மணல் கால் பங்கு வரை அதிக இடத்தை அடைக்கும். மேஸ்திரி சட்டியால் அளந்து போடும்போது பத்துச் சட்டி என்று எண்ணினாலும் உள்ளே எட்டுச் சட்டி மணல்தான் இருக்கும். அதோடு அந்த மணல் தண்ணீரையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. ஒரு மூட்டை சிமென்டுக்கு 25 லிட்டர் பக்கம் தண்ணீர் போதும் என்றால், நனைந்த மணலே அதில் நாலைந்து லிட்டரைக் கொண்டுவந்திருக்கும். வழக்கம்போல முழு வாளியையும் ஊற்றினால் கலவை கஞ்சியாகிவிடும், காய்ந்த பிறகு பலம் குறையும். எம்சாண்டுக் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பது பெரிய செலவில்லை. மூடாதவர்கள் தண்ணீரையாவது குறைக்கச் சொல்லிப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

சிமென்டை இந்த மாதங்களில் மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். மூன்று மாதம் கிடந்தால் அதன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்பது சாதாரணக் கணக்கு, ஈரக் காற்றில் இன்னும் சீக்கிரம் கட்டிதட்டும். ஆயிரம் சதுர அடிக்கு ஐந்து அங்குல ரூஃப் என்றால் பீமோடு சேர்த்து நூறு மூட்டைக்கு மேலே ஆகும். அதை ரூஃப் போடும் வாரத்தில் இறக்கினால் போதும். இறக்கியதைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் ஒரு அடி தள்ளி அடுக்க வேண்டும்.

செங்கல் விஷயம் நேர்மாறு. சூளைக்காரர்கள் மழையில் கல் அறுக்க மாட்டார்கள். தை பிறந்து வெயில் வந்த பிறகுதான் புதுக்கல் அறுப்பு தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் விற்பது பழைய இருப்பு, விலையும் ஏறியிருக்கும். கார்த்திகையில் ஆரம்பிப்பவருக்குச் சுவர்க்கல் தையில்தான் தேவைப்படும் என்றாலும், ஆடிக்கு முன்னாலேயே பேசி வாங்கி மூடி வைத்தவர்களுக்கு நிம்மதி. இல்லாவிட்டால் சாம்பல் கல் இருக்கவே இருக்கிறது. மேட்டூர் அனல் மின் நிலையத்துச் சாம்பல் பக்கத்திலேயே கிடைப்பதால் நம் மாவட்டத்தில் அதற்குத் தட்டுப்பாடு வருவதில்லை, மழையும் அதை நிறுத்துவதில்லை.

தை: சமவெளியில் யாருக்குப் பொருந்தும்?

சேலத்தில் பெரும்பாலானவர்கள் "தை பொறந்தா வழி பொறக்கும்" என்று தை 12-க்குக் காத்திருப்பார்கள். குழி தோண்ட அது அருமையான நாள். ஒரு சொட்டு மழை இருக்காது. ஆனால் அதே வாரக் கணக்கை அங்கிருந்து போட்டுப் பாருங்கள். ரூஃப் சித்திரையில் போய் உட்காரும். தண்ணீர் காட்ட வேண்டிய நாட்கள் அக்னி நட்சத்திரத்தோடு போய்ச் சேரும்.

ரூஃப் கான்கிரீட் காய்ந்து கெட்டிப்படுகிறது என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்துதான் கெட்டிப்படுகிறது, அது காயாமல் இருக்கும்வரைதான் பலம் ஏறும். நம் இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாளும், இப்போது எல்லோரும் வாங்கும் சாம்பல் கலந்த பிபிசி சிமென்டுக்குக் குறைந்தது 10 நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது. வறண்ட வெயில் என்றால் இவை 10, 14 என்று ஏறுகின்றன. ஆயிரம் சதுர அடி ரூஃபில் பாத்தி கட்டி இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்த ஒரு தடவைக்கே 4,500 லிட்டருக்கு மேல் வேண்டும். சித்திரையில் காலையில் நிரப்பினால் சாயங்காலம் பாத்தி ஓரங்கள் வெளுத்துக் கிடக்கும். போர்வெல் கைவிட்ட நேரத்தில் தண்ணீர் லாரிக்குக் காசு கொடுத்து மாடியில் ஊற்றுவார்களா என்றால், முதல் மூன்று நாள் ஊற்றுவார்கள். கான்கிரீட் போட்ட அன்றே, தளம் வழித்து முடிப்பதற்குள் மேல்பரப்பு உலர்ந்து கோழி கிளறியது போல மெல்லிய கீறல்கள் விழுவதும் அந்த மாதங்களில்தான். மழையில் ஒழுகுகிற பல ரூஃப்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

அதனால் சமவெளியில் தையை நான் மூன்று பேருக்கு மட்டும் சொல்வேன். கரிசல் மண்காரர்கள், தாழ்ந்த மனைக்காரர்கள், பேங்க் லோன் தையில்தான் கைக்கு வரும் என்ற நிலையில் இருப்பவர்கள். இவர்கள் சித்திரையில் ரூஃப் போடுவதாக இருந்தால் விடிகாலையில் தொடங்கிப் பத்து மணிக்குள் பெரும்பகுதியை முடிப்பது, வழிக்கும்போதே ஈரச் சாக்கு போர்த்துவது, தண்ணீருக்கு முன்பே ஏற்பாடு செய்வது ஆகிய மூன்றையும் விடக் கூடாது.

மலையில் ஏன் எல்லாமே தலைகீழ்?

இனி தங்கையின் கேள்வி. எங்கள் இரு இடங்களுக்கும் நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு 1,500 மீட்டர். காரில் முக்கால் மணி நேரம்தான், ஆனால் கட்டட வேலைக்கு அது வேறு ஊர்.

முதல் காரணம் சரிவு. கீழே வானம் தோண்டுவது தரையில் குழி எடுப்பது. மேலே வீடு கட்ட முதலில் சரிவை வெட்டிச் சமதளம் செய்ய வேண்டும். பத்தடி, பன்னிரண்டு அடி உயரத்துக்கு மண்ணைச் செங்குத்தாக வெட்டி நிறுத்திவிட்டு, அதற்குக் கருங்கல் தாங்குசுவர் கட்டி முடிக்கும்வரை அந்த மண் தன் காலில் நிற்க வேண்டும். நனைந்தால் நிற்காது. ஃபெஞ்சல் மழையின்போது ஏற்காடு மலைப்பாதையிலேயே மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோனது. ரோட்டுக்கே அந்தக் கதி என்றால், ஒரு வாரத்துக்கு முன் ஜேசிபி வெட்டிவிட்டுப் போன பச்சைச் சரிவு என்னவாகும்? அதன் அடியில் குழிக்குள் நின்று வேலை பார்க்கிற ஆட்களை நினைத்துத்தான் நான் தங்கையிடம் அவ்வளவு கண்டிப்பாகப் பேசினேன். கீழே என் வீட்டில் நடந்தது பண நஷ்டம். மேலே அதே தவறு உயிரைக் கொண்டுபோகும்.

இரண்டாவது குளிர். கீழே கான்கிரீட்டுக்கு வரமாக இருக்கிற மார்கழி மேலே அப்படி இல்லை. ஏற்காட்டில் மார்கழி, தை ராத்திரிகளில் 12, 13 டிகிரிக்கு இறங்கும், சில நாள் அதற்கும் கீழே. கான்கிரீட் கெட்டுப்போகிற குளிர் இல்லை இது, ஆனால் பலம் ஏறுவது மெதுவாகும். பிபிசி சிமென்ட் ஏற்கெனவே நிதானமானது, குளிரில் இன்னும் நிதானம். சென்ட்ரிங் முட்டுகளை (கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கி நிற்பவை) எப்போது எடுக்கலாம் என்று அதே ஐ.எஸ். 456 சொல்லும் நாட்கள் உண்டு. நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், ஆறு மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள். மேஸ்திரிகள் மனப்பாடமாகச் சொல்வதும் இவற்றைத்தான். ஆனால் அந்தக் கணக்கு சாதாரண சிமென்டுக்கும், வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கும் போட்டது. ஏற்காட்டு மார்கழியில் பிபிசி போட்டுவிட்டுச் சேலத்துக் கணக்கில் முட்டுகளை உருவினால் ஆபத்து. கூடுதலாக எத்தனை நாள் என்று இன்ஜினியரிடம் எழுதி வாங்க வேண்டும், அத்தனை நாளுக்கும் சென்ட்ரிங் ஷீட் வாடகை ஏறும்.

மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். காலை ஒன்பதரை, பத்துவரை எதிரே நிற்பவர் தெரியாத நாட்கள் உண்டு. ஆனியோடு ஒப்பிட்டால் மார்கழியில் பகல் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைவு. ஒரு நாள் கூலியில் முக்கால் நாள் வேலைதான் நடக்கும். பனியைப் பார்த்து "இங்கதான் ஈரமா இருக்கே, தண்ணி எதுக்கு" என்று க்யூரிங்கை, அதாவது தண்ணீர் காட்டுவதை, விட்டுவிடுகிற பழக்கமும் மேலே இருக்கிறது. பனி பத்து மணிக்குப் போய்விடும், அப்புறம் மலைக்காற்று கான்கிரீட்டை உலர்த்திக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது காரணம் வேலையாட்கள். கார்த்திகை முதல் தை, மாசிவரை சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் காலம். சித்தாள் வேலைக்கு வரக்கூடியவர்கள் எல்லோரும் எஸ்டேட்டில் இருப்பார்கள், தங்கையின் சொந்தத் தோட்டத்திலேயே பறிக்க ஆள் தேட வேண்டும். கீழேயிருந்து ஆட்களைக் கூட்டிப்போனால் தங்க இடமும் கம்பளியும் நாம்தான் கொடுக்க வேண்டும். பறிப்பு முடிந்ததும் ஆள் கிடைப்பது எளிது.

ஆக மலைக்குத் தை 12. தவறினால் மாசி 22, அதற்கு மேல் தள்ளக் கூடாது. தையில் சரிவை வெட்டினால் மாசி, பங்குனி இரண்டும் காய்ந்த மாதங்கள். தாங்குசுவரைப் பின்பக்கம் கல்லடுக்கு வைத்து, தண்ணீர் வெளியேறத் துளைகள் விட்டு, நிதானமாகக் கட்டலாம். ரூஃப் சித்திரைக் கடைசி, வைகாசியில் வரும். கீழே நான் பயமுறுத்திய அதே சித்திரை, வைகாசி மேலே இதமானவை. ராத்திரிகூட 15 டிகிரிக்குக் கீழே போகாது, பகல் வெயிலும் கீழே போலச் சுடாது. அந்த மாதங்களில் மலையில் சாயங்காலக் கோடை மழை உண்டு, ரூஃப் போடும் நாளில் தார்ப்பாய் தயாராக இருக்க வேண்டும். ஆடிக் காற்றும் தென்மேற்கு மழையும் வரும்போது தலைக்கு மேல் கூரை இருக்கும், உள்ளே பூச்சு வேலை நடக்கும். பெயின்டை மட்டும் மேலே அவசரப்படுத்தாதீர்கள். ஐப்பசி ஈரத்தில் அடித்தால் உரியும். உள்ளே ஒரு கோட் வெள்ளை அடித்துக் குடியேறிவிட்டு, வெளிப்பக்கத்தை அடுத்த மாசியில் அடிக்கலாம்.

ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும். மே மாதக் கோடை விழா நேரத்தில் மலைப்பாதை வண்டிகளால் நிறைந்துவிடும், லோடு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பெரிய லாரிக்காரர்கள் வளைவுகளைக் காரணம் சொல்லி வர மறுத்து, எங்களுக்கு மினி டிப்பர்தான் பேசியிருக்கிறார்கள். அதனால் நடைகளும் அதிகம். ரூஃபுக்கான ஜல்லி, எம்சாண்ட், கம்பி எல்லாம் சித்திரை பாதிக்குள் மேலே ஏறிவிட வேண்டும்.

கூலி ஒப்பந்தமா, முழு ஒப்பந்தமா?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாள் கூலிக்கு வைத்தால் மழை, பனி நாட்களின் நஷ்டம் நம்முடையது. வந்த ஆளை மத்தியானம் திருப்பி அனுப்பினாலும் அரை நாள் கூலி கொடுக்க வேண்டும். சதுர அடிக் கூலிக்கு விட்டால் நஷ்டம் மேஸ்திரியுடையது, ஆனால் மழை நாளில் அவர் வேறு சைட்டுக்குப் போய்விடுவார், அங்கிருந்து திரும்ப வரவழைப்பது நம் பாடு. பொருளோடு சேர்த்து முழு ஒப்பந்தம் கொடுத்தால் தலைவலி குறைவு, ஆனால் குழியின் அடிமண்ணைக் கூடுதலாக வெட்டுவது, முட்டுகளைக் கூடுதல் நாள் வைத்திருப்பது போன்றவை அவர் கைக்காசு என்பதால் தட்டிக்கழிக்கப் பார்ப்பார். என் யோசனை: கீழே சதுர அடிக் கூலி, பொருள் நம்முடையது. மேலே மண் வெட்டும் வேலையும் தாங்குசுவரும் நாள் கூலியில், அவசரம் காட்டாமல். அதற்கு மேல் சதுர அடிக் கூலி. முட்டு எடுக்கும் நாளை ஒப்பந்தத் தாளிலேயே எழுதிவிட வேண்டும்.

கார்த்திகையும் மார்கழியும் சும்மா இருக்க வேண்டாம்

தை வரைக்கும் என்ன செய்வது என்று மாப்பிள்ளை கேட்டார். நிறைய இருக்கிறது. கீழே 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்ட 2024 முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி வாங்கிவிடலாம். ஏற்காட்டு மலைக் கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்பு வரம்பில் வருவதால் அந்த வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. காகிதங்களை இப்போதே கொடுத்து வைத்தால் தைக்குள் கைக்கு வரலாம். மரம் வெட்ட வேண்டியிருந்தால் அதற்கும் தனியாக அனுமதி வேண்டும்.

அதைவிட முக்கியம், மழை பெய்யும்போதே நிலத்தைப் போய்ப் பார்ப்பது. மேல் தோட்டத்திலிருந்து தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே மண்ணை அரிக்கிறது என்பது ஐப்பசி, கார்த்திகையில்தான் கண்ணுக்குத் தெரியும். தையில் வந்து பார்த்தால் காய்ந்த சரிவு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். மனையை அளந்தவர் வீட்டுக்குக் குறித்துக் கொடுத்த இடம் மழைத்தண்ணீர் இறங்கும் தாரையில் இருந்தால், வீட்டைப் பத்தடி தள்ளிப்போடுவது இப்போது காகிதத்தில் ஒரு கோடு மட்டும்தான்.

முந்தாநாள் அடைமழையில் இரண்டு பேரும் குடை பிடித்துக்கொண்டு போய், தண்ணீர் ஓடும் வழியெல்லாம் சவுக்குக் குச்சி நட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். போட்டோ அனுப்பினாள். குறித்த இடத்தின் வடக்கு மூலைக்குள் நான்கு குச்சிகள் வருகின்றன. சமையலறை வருவதாக இருந்த மூலை அது. வரைபடம் போட்ட இன்ஜினியரை ஞாயிற்றுக்கிழமை நான் மேலே கூட்டிப்போகிறேன்.